பதினாறு நாள் கல்

(யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பிறந்த தோட்டத்தில் மேட்டு மேல் ஒரு சின்ன வேதக்கோயில் உண்டு. அதன் பின்னால் ஐந்தாறு துரைமார் கல்லறைகள். அவற்றில் ஒன்றின் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு கற்சிலுவை. சிலுவையின் தலையைச் சுற்றி வளையம். உடம்பு முழுக்கக் கயிறு பின்னினாற்போல் செதுக்கல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் அந்தக் கயிற்றின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போவோம். கயிற்றுக்கு முனை எங்கே இருக்கிறது என்று பந்தயம். மேலே ஏறும், ஒன்றின் மேல் போகும், அடுத்ததன் கீழே நுழையும், கடைசியில் தொடங்கிய இடத்துக்கே விரல் வந்து நிற்கும். ஒருவனும் முனையைக் கண்டதில்லை. அப்பாயி பார்த்துவிட்டால் சத்தம் போடுவார். "அது தொர கல்லுடா, கால் படப்புடாது."

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாயி போய்ச் சேர்ந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம், இறப்பர் மரங்களுக்கு நடுவே அடக்கம். மண்மேட்டின் தலைமாட்டில் ஒரு செம்பருத்திக் குச்சியை ஊன்றினோம். அது வேர் பிடித்து இரண்டு வருடம் பூத்தது. பிறகு பழைய இறப்பரைப் பிடுங்கிப் புதிதாகக் கன்று வைத்தார்கள். மேடும் இல்லை, செம்பருத்தியும் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மலையில் வேலை செய்தவர் எங்கே கிடக்கிறார் என்று கேட்டால், அந்த வளைவுக்கு அப்பால் என்று கையை நீட்டத்தான் என்னால் முடியும். ஆனால் அந்தத் துரையின் பெயர் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிக்க நான் பழகியதே அந்தக் கல்லில்தான்.

மேட்டுக் கல்லுக்கும் ஓடைக்கு அந்தப் பக்கத்துக்கும் நடுவில் முந்நூறு அடி இருக்கலாம். அந்த முந்நூறு அடியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். ஆனால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பின்னல் எங்கிருந்து வந்தது என்று பெரியவனான பிறகு தேடிப் படித்தேன். ஏறக்குறைய 1300 வருடம் பின்னால் போக வேண்டும். இங்கிலாந்தில் அப்போது இருந்தவர்களை ஆங்கிலோ-சாக்சன்கள் என்கிறோம். ஜெர்மனிக் கரைப் பக்கமிருந்து கடல் கடந்து போய்க் குடியேறிய சனங்கள். ஏழாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களானார்கள். அதே நூற்றாண்டின் கடைசியிலிருந்து, முக்கியமாக வடக்கே நார்த்தம்பிரியா என்ற நாட்டில், உயரமான கற்களை நட்டு நாலு பக்கமும் செதுக்கத் தொடங்கினார்கள். திராட்சைக் கொடி, அதைக் கொத்தும் பறவைகள், முடிச்சுப் பின்னல், தேவதூதர்கள், யேசு. இன்றைக்கும் அங்கே பல ஊர்த் தேவாலய முற்றத்தில் அவை மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றன. பல இடத்தில் கைகள் உடைந்து வெறும் தண்டுதான் மிச்சம்.

எங்கள் தோட்டத்துக் கல்லில் இருந்த வளையம் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து வழக்கம். பின்னல் எல்லோருக்கும் பொது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே இந்தப் பழைய சிலுவைகள் மேல் புதிதாக ஒரு பற்று வந்தது. கல்லறைகளுக்கு அதே வடிவில் கல் செதுக்கி வைக்கத் தொடங்கினார்கள். ரஸ்கின் என்ற பெரிய எழுத்தாளர் 1900இல் இறந்தபோது, அவருடைய நண்பர் கொலிங்வுட் வரைந்து கொடுத்த சிலுவையைத்தான் கோனிஸ்டன் ஊரில் அவர் தலைமாட்டில் நட்டார்கள். கொலிங்வுட் அந்தப் பழைய சிலுவைகளைத் தேடித் தேடி வரைந்து ஒரு நூலே எழுதியவர். கோப்பியும் தேயிலையும் போட இங்கே வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஏராளம். காய்ச்சலிலோ வேறு நோயிலோ இளவயதில் செத்துப்போன ஒருவனுக்கு, அவன் ஊரின் ஆகப் பழைய ஞாபகத்தைக் கல்லில் எடுத்து நம்முடைய மலையில் நட்டிருக்கிறார்கள். தூரத்து மண்ணில் புதைப்பவனுக்கு ஊரைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பது அன்பான காரியம். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தப் பழைய சிலுவைகளைப் பற்றி நான் படித்ததில் என்னை ஆகவும் பிடித்து நிறுத்தியது ஒரு சின்னப் பிள்ளையின் கதை. வில்லிபால்ட் என்று ஒருவர். சுமார் 700இல் பிறந்தவர். பின்னால் எருசலேம் வரை பயணம் போய், ஜெர்மனியில் ஆயரானவர். அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, எட்டாம் நூற்றாண்டிலேயே ஹூகபுர்க் என்ற கன்னியாஸ்திரி அவருடைய வாழ்க்கையை எழுதி வைத்தார். வில்லிபால்டுக்கு மூன்று வயதில் கடுமையான நோய் வருகிறது. பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கே? தேவாலயத்துக்கு அல்ல. பெரிய மனிதர்களின் நிலங்களில் அந்தக் காலத்தில் தேவாலயம் இல்லாத இடத்திலும் உயரமாக ஒரு சிலுவை நிற்குமாம். அன்றாட வழிபாடு அதன் அடியில்தான். அந்தச் சிலுவையின் காலடியில் பிள்ளையைக் கிடத்தி, பிழைத்தால் உனக்கே இவன் என்று நேர்ந்துகொள்கிறார்கள். பிள்ளை பிழைக்கிறது.

இதை வாசித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு இந்தக் கதை தெரியும். நம் லயத்தில் யாருக்குத் தெரியாது? நடுராத்திரியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால், ஆஸ்பத்திரிக்கு லொறி கிடைக்கும்வரை, பெற்றவள் எங்கே தூக்கிக்கொண்டு ஓடினாள்? மரத்தடியில் நட்டிருந்த முனியாண்டி கல்லடிக்கு. கோபுரம் கிடையாது, கூரை கிடையாது, ஐயர் கிடையாது. ஒரு கல், ஒரு சூலம், கொஞ்சம் திருநீறு. கவ்வாத்து வெட்டப் போகுமுன் கும்பிடக் கவ்வாத்துச்சாமி. தொழிற்சாலையில் சக்கரம் கையை இழுத்துவிடக் கூடாது என்று ரோதைமுனி. மாரியம்மனுக்குக் கோயில் எழும்பியது பிறகுதான். முதலில் நின்றது கல். ஒரு துரையின் நிலத்தில், தமக்கென்று ஒரு அடி மண் இல்லாத சனங்கள், சாமிக்கு ஒரு கல்லளவு இடம் பிடித்துக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடமேற்கே கொஸ்ஃபோர்த் என்ற ஊரின் தேவாலய முற்றத்தில் பதினான்கு அடிக்கு மேல் உயரமான ஒரு சிலுவை. பத்தாம் நூற்றாண்டு. வைக்கிங்குகள் வந்து குடியேறிய பிறகு எழுந்தது. அதில் ஒரு பக்கம் சிலுவையில் யேசு. அதே தண்டில் வைக்கிங்குகளின் பழைய தெய்வக் கதைகள். கட்டிப்போடப்பட்ட லோக்கியின் முகத்தில் பாம்பின் விஷம் சொட்டாமல், அவன் மனைவி சிகின் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டிருக்கிறாள். பழைய சாமியை விட்டுவிட்டு வா என்று யாரும் அந்தக் கல்லிடம் சொல்லவில்லை. நம் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பத்துப் பெண்கள் ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு, மாசி மாதக் காமன் கூத்துக்கும் மாரியம்மன் தேருக்கும் வந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குக் கொஸ்ஃபோர்த் சிலுவை புதிதாகத் தெரியவில்லை.

இனி ரத்வெல் சிலுவை. ஸ்கொட்லாந்தின் தெற்கே இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு. ஏறக்குறைய பதினெட்டு அடி. அதன் ஓரங்களில் ரூன் என்ற பழைய எழுத்தில் ஒரு பாட்டு வெட்டியிருக்கிறது. அந்தப் பாட்டின் நீண்ட வடிவம் இத்தாலியில் வெர்செல்லி என்ற ஊரின் தேவாலய நூலகத்தில் ஒரு பழைய ஏட்டில் கிடைத்தது. பாட்டில் பேசுவது மனிதர் யாரும் இல்லை. மரம் பேசுகிறது. காட்டோரத்தில் நின்ற என்னை வெட்டிச் சாய்த்தார்கள், சிலுவையாக்கினார்கள், ஆண்டவரை என் மேல் அறைந்தார்கள், நான் நடுங்கினேன், குனிய முடியவில்லை, அவருடைய இரத்தத்தில் நான் நனைந்தேன் என்று மரம் தன் கதையைச் சொல்கிறது. காயம் பட்ட மரம் எப்படி நிற்கும் என்று கேகாலைக்காரருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு விடியலிலும் கத்தி பட்ட இறப்பர்ப் பட்டையில் பால் கசிந்து சிரட்டையில் சொட்டுவதைப் பார்த்து எழும்பும் ஊர் இது. அந்தப் பாட்டு இங்கே தமிழில் முழுதாக வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இங்கே இருக்கும் இளைஞர்களில் ஒருவர் கையில் எடுத்தால் மகிழ்வேன்.

அந்த ரத்வெல் சிலுவையை 1640களில் உடைத்துப் போட்டார்கள். உருவ வழிபாட்டுச் சின்னம் என்று அவர்களுடைய திருச்சபையின் பேரவையே ஆணை போட்டது. துண்டுகள் தேவாலயத்துக்குள்ளும் முற்றத்திலும் கிடந்தன. மேலே சனங்கள் நடந்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் அப்படி. பிறகு ஹென்றி டங்கன் என்ற போதகர் அந்த ஊருக்கு வந்தார். ஏழைகள் சில்லறை சேர்த்து வைக்க 1810இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கிய அதே மனிதர். உலகத்தில் அந்த வகை வங்கிகளுக்கு முன்னோடி அது. அவர் துண்டுகளைப் பொறுக்கினார். பொருத்தினார். காணாமல் போன குறுக்குக் கைக்குப் புதிதாகக் கல் வெட்டுவித்தார். 1823இல் சிலுவையைத் தன் வீட்டுத் தோட்டத்தில் நிமிர்த்தி நிறுத்தினார். 1887இல் அது தேவாலயத்துக்குள் போனது.

1823 என்ற எண்ணைக் கேட்டதும் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். ஆமாம். நாம் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் எண்ணி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்தக் கணக்குத் தொடங்கும் வருடம் அதுதான். அங்கே ஒருவர் உடைந்த கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிறுத்திய காலத்தில், இங்கே நம் முன்னோர் முதல் கோப்பித் தோட்டத்துக்குக் காடு வெட்ட வந்துகொண்டிருந்தார்கள். மன்னாரிலிருந்து நடந்து வந்த பாதையில் விழுந்து செத்தவர்களுக்கு யார் கல் வைத்தது?

இப்போது பெயருக்கு வருகிறேன். என் பேச்சின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கற்கள் எல்லாம் அரசருக்கும் ஆயருக்கும் மட்டும் எழுந்தவை என்று நான் நினைத்திருந்தேன். லிண்டிஸ்ஃபார்ன் என்ற தீவில் ஒரு மடம் இருந்தது. அங்கே சின்னச் சின்னக் கற்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு முழம்கூட இராது. வட்டத் தலை, நடுவில் ஒரு சிலுவைக் கோடு, கூடவே ஒரு பெயர். ஒன்றில் ஓஸ்கித் என்று ஒரு பெண்ணின் பெயர். ரூனில் ஒரு தரம், இலத்தீன் எழுத்தில் ஒரு தரம். எந்த எழுத்தைப் படித்தவன் வந்தாலும் அவள் பெயரை வாய் விட்டுச் சொல்ல வேண்டும் என்று எண்ணிய யாரோ வெட்டியது. பெயரைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

அர்ஸ்விக் என்ற ஊரில் தேவாலயச் சுவருக்குள் கட்டுக்கல்லாகக் கிடந்த ஒரு சிலுவைத் துண்டு கிடைத்தது. டுன்வினி என்பவர் டொர்ட்ரெட் என்பவரின் நினைவாக இதை நிறுத்தினார், அவருடைய ஆத்துமாவுக்காக வேண்டுங்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. கீழே மிஞ்சிய இடத்தில் இன்னொரு சின்ன வரி. லில் என்பவன் இதைச் செய்தான் என்று. கல்தச்சன் தன் பெயரை வைத்துவிட்டான். இறந்தவன், நிறுத்தியவன், செதுக்கியவன் என மூன்று பெயரும் ஆயிரம் வருடம் தாண்டி யட்டியாந்தோட்டை வரை வந்திருக்கின்றன.

நம் பக்கமும் கற்சிலுவை உண்டு, அதே காலத்தைச் சேர்ந்ததே உண்டு. அனுராதபுரத்தில் 1912இல் அகழ்ந்தபோது ஒரு கருங்கல் தூணில் சிலுவை கிடைத்தது. ஆறாம் நூற்றாண்டில் இந்தத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் இருந்ததாகக் கொஸ்மாஸ் என்ற பயணி எழுதி வைத்ததோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துக்கேயர் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த சிலுவையைச் சுற்றிப் பாரசீகத்துப் பகலவி எழுத்து. அறிஞர் பலரும் ஏற்கும் ஒரு வாசிப்பின்படி, அதுவும் இன்னான் மகன் இன்னானுக்கு, இதை வெட்டியவனுக்கு இரங்கும் ஆண்டவரே என்றுதான் வேண்டுகிறது. அங்கும் லில் போல ஒருவன்!

தமிழருக்கு இது புதுப் பழக்கமா? தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படி சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீரில் கழுவுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. ஓஸ்கித்தின் கல்லைவிட ஆயிரம் வருடம் மூத்தவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட ஒரு கல். கருந்தேவகத்தி என்ற வீரன் செத்த இடம். அவன் பக்கத்தில் ஒரு நாய். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாய். அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். பிரித்தானியத் தீவுகளில் லிண்டிஸ்ஃபார்ன் மடம் அப்போது எழும்பவே இல்லை. ஊருக்காகக் கடித்த நாய்க்குப் பெயர் வைத்துக் கல் நட்ட வம்சம் நாம். அந்தக் கல்லின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வரும்.

இந்த நாட்டில் கல்லறைகளைக் கணக்கெடுத்த ஒருவர் இருந்தார். ஜே. பென்றி லூயிஸ். அரசாங்க சேவையில் இருந்த பிரித்தானியர். இலங்கைக் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் இருக்கும் எழுத்துகளைத் தொகுத்து 1913இல் பெரிய நூலாக வெளியிட்டார். மாகாணம் மாகாணமாக, கல் கல்லாக. நம் சப்ரகமுவ மாகாணமும் அதில் உண்டு. அரிய உழைப்பு, அவரை நான் மதிக்கிறேன். அந்த நூலின் தலைப்பிலேயே இன்னொரு பகுதியும் குறித்திருக்கிறது: நினைவுக் கல் இல்லாதவர்களின் இறப்புக் குறிப்புகள். கல் கிடைக்காமல் போனவர்களையும் விட்டுவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். ஆனால் அவர் தேடிய சனம் பெரும்பாலும் ஐரோப்பியர். களனிப் பள்ளத்தாக்குக்கு ரயில் பாதை போட்டு, 1903இல் யட்டியாந்தோட்டைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வண்டி ஓட்டிய காலம் அது. அந்த மலைகளில் கான் வெட்டி, கல்லுக்கட்டு அடுக்கி, காட்டைத் திறந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் அந்தத் தலைப்பை நம்முடைய வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். நினைவுக் கல் இல்லாதவர்களின் ஏடு ஒன்றை இனி நாம் எழுத வேண்டும்.

நமக்குக் கல் இல்லாமல் இல்லை. கருமாதிக்குக் கல் ஊன்றுகிறோம். செத்தவர் அந்தக் கல்லில் வந்து இருக்கிறார் என்று எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். அப்பாயிக்கு என் அப்பா ஊன்றினார். ஓடையிலேயே பொறுக்கிய கல், உள்ளங்கை அளவு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பதினாறாம் நாள் அதை எடுத்துத் தலையைச் சுற்றிப் பின்பக்கமாகத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தோம். அப்பா போகும்போதும் அதையே செய்தேன். சடங்கைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆத்துமா கல்லில் சிக்கிக் கிடக்கக் கூடாது, போக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் இரண்டு நூற்றாண்டாக இந்த மலையில் நாம் நட்ட கல் ஒவ்வொன்றும் பதினாறு நாளில் ஓடைக்கும், ஓடையிலிருந்து களனி கங்கைக்கும் போய்விட்டது.

கல் இருந்தாலும் கிட்ட இருக்க விட்டார்களா என்று ஒரு பெரியவர் போன வாரம் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் பெட்டி கட்டித் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. 1977இலும் 1981இலும் 1983இலும் இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் இனக் கலவரத்தில் லயங்கள் எரிந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் படுத்தவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் நம் உறவுகளுக்கு இறக்குவானையிலோ தெரணியகலையிலோ ஒரு மண்மேடு இருந்தது. யாரும் போய் விளக்கு வைக்கவில்லை. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹனையில் மலை சரிந்து லயத்தை மூடியது உங்களில் பலருக்குக் கண்ணால் கண்ட துக்கம். இப்படிப் பார்த்தால், கல் வைத்திருந்தாலும் உடைந்திருக்கும், புதைந்திருக்கும் என்று அந்தப் பெரியவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. ரத்வெல் கல்லும் உடைந்துதான் கிடந்தது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். துண்டைப் பொறுக்க ஒருவர் வந்தார். பொறுக்குவதற்குத் துண்டு இருந்தது.

நமக்குத் துண்டு எங்கே இருக்கிறது? கிழவிகளின் வாயில் இருக்கிறது. ஒப்பாரியில் இருக்கிறது. இன்னார் மகள் இன்னாள், இன்ன கங்காணி பிரட்டில் வந்தவள், பிள்ளைப்பேற்றில் போனவள் என்று மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் சொல்லும் பெண்கள் ஒவ்வொரு லயத்திலும் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள். போன வருடம் அப்படி ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். ஒரே மாலையில் முப்பத்தேழு பெயர் சொன்னார். அவற்றில் பதினொன்று பெயர் வைத்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள். அதையெல்லாம் எழுதிக்கொண்டு மறுமுறை போனபோது அவர் படுக்கையில் கிடந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்தில் இளைஞர்களோடு பேசி முடித்திருக்கிறோம். மயானத்துக்குப் போகும் பாதையில் ஒரு கருங்கல். கல்லுக்குச் சப்ரகமுவவில் பஞ்சமில்லை. கிடைத்த பெயரை எல்லாம் வெட்டுவது. சாதி வேண்டாம், பதிவு எண் வேண்டாம், பெயர் போதும். இந்து, வேதக்காரர், முஸ்லிம் என்று பிரிக்காமல் வெட்டுவது. கீழே வெட்டிய கல்தச்சரின் பெயரும் வரும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேலே ஓரிடத்தை வெறுமையாக விடுகிறோம், இனிக் கிடைக்கும் பெயர்களுக்காக. ஓரத்தில் என்ன செதுக்குவது என்று கேட்டார்கள். கொழுந்தா, இறப்பர் இலையா என்று பேச்சு நடக்கிறது. அந்தத் துரை கல்லில் இருக்கும் முடிச்சுப் பின்னலையே போடலாம் என்று ஒரு பெண் பிள்ளை சொன்னாள். நம் வாசல் கோலத்தில் புள்ளியைச் சுற்றிப் போகும் சிக்குக் கோலமும் அதுவும் ஒன்றுதானே சேர் என்றாள். ஐம்பது வருடமாக அந்தக் கல்லைப் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. எழுதத் தெரியாத அம்மாமார் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதுவார்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, என்ன பெயர். அப்பன் ஆத்தாள் பெயர் ஞாபகம் இருந்தால் அதுவும். முதல் வரியில் என் அப்பாயி காத்தாயியின் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது வரியிலிருந்து இடம் இருக்கிறது.